அஸ்க்யா முதல் வாட்னாயோகுல் பனி விளிம்பு வரை: நிலத்தோற்ற வரைபடம் தயாரிக்க முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

ஐஸ்லாந்தின் நடுமேட்டு நிலத்தில், அஸ்க்யா எரிமலைக்கும் வாட்னாயோகுல் பனிமூடியின் வடக்கு விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதியை 1:50,000 அளவில் வரைபடமாக்கும் வேலையை இரண்டு கோடைகளில் செய்து முடித்தேன். ஒரே கோடையில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. முதல் ஆண்டு நான் தயாரித்த உயரங்கள் அனைத்தும் பிழையாக இருந்தன. அனுமதி தாமதமானதால் நல்ல வானிலை இருந்த இரண்டு வாரங்கள் வீணாயின. வாடகை வண்டியின் ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்காததால் பெருந்தொகை கூடுதலாகச் செலவாயிற்று. அந்தப் பகுதிக்கு அளவைக் கருவிகளோடு முதன்முறை செல்ல நினைக்கும் மாணவர்களும் தனி ஆர்வலர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக, வேலையைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே இதை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்துங்கள். இங்கே நிலம் நிலையாக இல்லை. 2014 ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி 2015 பிப்ரவரி 27 வரை இதே பகுதியில் நீடித்த ஹோலுஹ்ரோய்ன் எரிமலை வெடிப்பு சுமார் 84 சதுர கிலோமீட்டர் நிலத்தைப் புதிய எரிமலைக் குழம்பால் மூடியது. பனியாற்றின் தாழ்ந்த நுனிகள் ஆண்டுதோறும் கரைந்து மெலிகின்றன. எனவே ஒவ்வோர் உயரத்தோடும் ஒவ்வொரு கோட்டோடும் அதன் தேதியையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் பெரும்பாலான எச்சரிக்கைகள் இந்த ஒரு காரணத்திலிருந்தே பிறக்கின்றன.

1. பரப்பையும் அளவையும் முதலில் முடிவு செய்யுங்கள்

தரவைப் பதிவிறக்குவதற்கு முன்பே தாளின் அளவைக் கணக்கிடுங்கள். 20 கிலோமீட்டர் அகலமும் 30 கிலோமீட்டர் நீளமும் கொண்ட பகுதி 1:50,000 அளவில் 40 × 60 சென்டிமீட்டர் ஆகும். ஓரக்குறிப்புகளோடு ஏ1 தாளில் வசதியாக அடங்கும். அதே பகுதி 1:25,000 அளவில் 80 × 120 சென்டிமீட்டர் ஆகி, ஏ0 தாளிலும் அடங்காது. முதன்முறை செய்பவர்களுக்கு 1:50,000 அளவையே பரிந்துரைப்பேன்.

சம உயரக் கோடுகளின் இடைவெளியையும் இப்போதே தீர்மானியுங்கள். உயரப் பிழைகளின் வர்க்கங்களுக்குச் சராசரி கண்டு, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால், அதைப்போல் ஏறத்தாழ 3.3 மடங்குக்குக் குறையாத இடைவெளியே நம்பத்தக்கது என்பது அளவையாளர்கள் பின்பற்றும் பழைய கணக்கு. அதன்படி 10 மீட்டர் இடைவெளிக்கு உங்கள் உயரங்கள் 3 மீட்டருக்குள் சரியாக இருக்க வேண்டும். இன்று இலவசமாகக் கிடைக்கும் தரவுகளைக் கொண்டு வெற்றுப் பாறையிலும் மணலிலும் இதை எளிதாக எட்டலாம். பனியின் மேல் எட்டுவது தேதியைப் பொறுத்தது.

2. ஆயத்தொலைவு முறையைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்

மிக அதிகமானோர் இடறும் இடம் இதுதான். நானும் இங்கேதான் இடறினேன். வட அமெரிக்கத் தட்டும் யுரேசியத் தட்டும் ஐஸ்லாந்தின் ஊடே ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் பிரிவதால், அந்நாடு தன் அடிப்படை அளவை வலையைச் சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் அளந்து புதிய ஆயத்தொலைவு முறையை வெளியிடுகிறது. ஐஎஸ்என்93, ஐஎஸ்என்2004, ஐஎஸ்என்2016 ஆகிய மூன்றும் இன்னும் புழக்கத்தில் உள்ள கோப்புகளில் கலந்து கிடக்கின்றன. வளைந்த நிலப்பரப்பைத் தட்டையான தாளுக்கு மாற்றும் இவற்றின் லாம்பர்ட் தளத் தோற்றங்களுக்கு, மென்பொருள்கள் அறியும் இபிஎஸ்ஜி குறியீட்டு எண்கள் முறையே 3057, 5325, 8088.

மூன்றையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. மூன்றுக்கும் மைய நெடுங்கோடு மேற்கு 19 டிகிரிதான். ஆனால் ஒன்றோடு ஒன்று குழம்பாதிருக்கக் கிழக்குத் தொடக்க எண்ணை, அதாவது அந்த மைய நெடுங்கோட்டுக்கு மீட்டரில் தரும் கிழக்கு எண்ணை, வேறுவேறாக வைத்திருக்கிறார்கள். 93இல் அது 5 லட்சம், 2004இல் 17 லட்சம், 2016இல் 27 லட்சம். அஸ்க்யா அருகே ஒரு புள்ளியின் கிழக்கு எண் 6 லட்சத்தை ஒட்டி இருந்தால் அது 93ஆம் ஆண்டு முறை. 18 லட்சத்தை ஒட்டி இருந்தால் 2004. 28 லட்சத்தை ஒட்டி இருந்தால் 2016. கோப்பின் பெயரை நம்பாமல் இந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஐஎஸ்என்2016க்கு மாற்றிக்கொண்டு, அதன்பின் வேறெதையும் அந்தத் திட்டக்கோப்பில் சேர்க்காதீர்கள்.

உயரத்தில் உள்ள கண்ணி இதைவிடப் பெரியது. செயற்கைக்கோள் கருவிகள் தரும் உயரம் எலிப்சாய்டு என்னும் கணிதப் பரப்பிலிருந்து அளக்கப்படுவது. வரைபடத்தில் அச்சிட வேண்டியது கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு பரப்பிலிருந்து அளக்கும் உயரம். ஐஸ்லாந்தின் இப்பகுதியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 65 மீட்டர். முதல் ஆண்டு நான் ஒரு மூலத்திலிருந்து எலிப்சாய்டு உயரங்களையும் இன்னொரு மூலத்திலிருந்து கடல்மட்ட உயரங்களையும் எடுத்து ஒட்டினேன். சரிவுகள் எங்கும் இயல்பாகவே தோன்றியதால் பிழை கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு தரவுகளும் சந்தித்த இடத்தில் இருந்த 65 மீட்டர் மதிலை, எரிமலைப் பகுதிதானே, பிளவுச் சரிவாக இருக்கும் என்று எண்ணிவிட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஐஸ்லாந்தின் உயர அடிப்படையான ஐஎஸ்எச்2004ஐ மட்டும் பயன்படுத்துங்கள், ஒவ்வொரு தரவையும் சேர்க்கும்போது, உயரம் ஏற்கெனவே அறிந்த ஒரு சமதளப் புள்ளியில் அதைச் சோதித்துவிட்டே அடுத்த வேலைக்குப் போங்கள்.

3. இலவசத் தரவுகளைத் தேதியோடு சேகரியுங்கள்

இந்த வேலையில் தரவுக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. ஐஸ்லாந்தின் தேசிய நில அளவை நிறுவனம் தன் தரவுகளை 2013இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்நிறுவனம் 2024 ஜூலையில் நாட்டின் இயற்கை அறிவியல் நிறுவனமான நாட்டூருஃப்ரைதிஸ்டோப்னுனோடு இணைக்கப்பட்டுவிட்டதால், பழைய இணைப்புகள் சில திறக்காமற்போகலாம். புதிய நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். உங்களுக்கு வேண்டியவை இரண்டு: ஆறு, சாலை, இடப்பெயர் ஆகிய அடுக்குகளைக் கொண்ட ஐஎஸ் 50வி தொகுப்பு, நாடு முழுவதும் 2 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நிலத்தின் உயரத்தைத் தரும் உயர மாதிரி.

உயர மாதிரியைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ள துருவ நிலவெளி மையம் வெளியிடும் ஆர்க்டிக்டெம் தரவையும் தனியாகப் பதிவிறக்குங்கள். அதிலும் 2 மீட்டருக்கு ஒரு புள்ளி உண்டு. இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று, பல நாள்களின் படங்களை இணைத்த முழுத் தொகுப்பு. மற்றது, ஒவ்வொரு நாளுக்கும் உரிய தனித்தனி நீள்பட்டைகள். தொகுப்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஹோலுஹ்ரோய்ன் போன்ற இடத்தில் அது 2014க்கு முந்தைய மணற்சமவெளியையும் பிந்தைய குழம்புப் பாறையையும் அருகருகே காட்டக்கூடும். எனவே உங்கள் பகுதிக்கு நீள்பட்டைகளையே எடுத்து, 2015க்குப் பிந்தைய கோடைப் பட்டைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஆர்க்டிக்டெம் உயரங்கள் எலிப்சாய்டு உயரங்கள் என்பதையும், அதன் தளத்தோற்றம் துருவத்தை மையமாகக் கொண்ட இபிஎஸ்ஜி 3413 என்பதையும் மறவாதீர்கள்.

பனி விளிம்பையும் ஆற்றுக் கிளைகளையும் வரைய ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் போதும். அவற்றின் ஒரு படப்புள்ளியின் 10 மீட்டர் அகலம் 1:50,000 அளவில் தாளில் 0.2 மில்லிமீட்டர்தான். ஆகஸ்ட் இறுதியில் மேகமில்லாத ஒரு நாளைத் தேடிப் பிடியுங்கள். ஜூலைப் படங்களில் பழைய பனித்திட்டுகள் பனியாற்றின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு, விளிம்பை உண்மையைவிட வடக்கே தள்ளிக் காட்டும்.

4. அனுமதிகளும் ஆவணங்களும்

கோடையில் வேலை என்றால் ஜனவரியில் இதைத் தொடங்குங்கள். அஸ்க்யாவும் ஹோலுஹ்ரோய்னும் வாட்னாயோகுல் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கின்றன. நடந்து சென்று கையில் கருவியோடு அளப்பதற்கும், தரையில் எதையாவது நிறுவுவதற்கும், ட்ரோன் பறக்கவிடுவதற்கும் பூங்கா நிர்வாகம் வேறுவேறு கண்ணோட்டம் கொண்டுள்ளது. உங்கள் திட்டத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எந்தத் தேதிகள், எத்தனை பேர், எந்தக் கருவிகள், எந்த இடங்கள், தரையில் எதுவும் விட்டுவரப்போவதில்லை என்ற உறுதி. இடங்களை வரைபடத்தில் குறித்து இணையுங்கள். நான் இடங்களைப் பொதுவாகச் சொல்லி அனுப்பியதால், விளக்கம் கேட்டு மூன்று முறை கடிதம் வந்து போயிற்று. நல்ல வானிலையை இழந்தது அதனால்தான்.

ட்ரோனுக்கு அந்தப் பூங்காவில் முன் அனுமதி வேண்டும். அதற்கு மேல் ஐரோப்பிய ட்ரோன் விதிகளின்படி இயக்குபவர் பதிவும், 120 மீட்டர் உயர வரம்பும், கண்ணுக்கெட்டும் தொலைவுக்குள் பறக்கவிடும் கட்டுப்பாடும் உண்டு. இந்த வரம்புகளுக்குள் 600 சதுர கிலோமீட்டர் பரப்பை ஒருபோதும் படமெடுக்க முடியாது. முதல் பயணத்தில் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுவதே என் உறுதியான ஆலோசனை.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்குப் பொதுவாக 15 நாள் என்றாலும் 45 நாள்வரை நீளலாம் என்பதால் ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது தொலைதூர மீட்பையும், பனியாற்றின் மேல் நடப்பதையும் உள்ளடக்குகிறதா என்பதைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கருவிகள் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். விலையுயர்ந்த அளவைக் கருவியை இந்தியாவிலிருந்து எடுத்துச் சென்றால், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று பெறுங்கள். இல்லாவிட்டால் திரும்பும்போது அதற்கு வரி கேட்கப்படலாம். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் சான்று பெற முடியாது, கருவியை நேரில் காட்ட வேண்டும். இரண்டாவது, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கைக்கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். அவற்றோடு விமான நிலையங்களில் பிடிபட்டவர்கள் உண்டு. அந்தக் கருவி நடுமேட்டு நிலத்தில் உயிர்காக்கும் பொருள். ஆகவே அதை ஐஸ்லாந்திலேயே வாடகைக்கு எடுத்து, விமானம் ஏறுமுன் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

5. காலம்

எஃப் என்ற எழுத்தோடு எண் இடப்பட்ட மலைச்சாலைகள் வழக்கமாக ஜூன் நடுப்பகுதிக்கும் ஜூலைத் தொடக்கத்துக்கும் இடையில்தான் திறக்கும். பனியைப் பொறுத்து ஆண்டுதோறும் மாறும். சாலைத் துறை வசந்தகாலத்தில் மலைச்சாலைகளின் நிலையை வரைபடமாக அவ்வப்போது வெளியிடுகிறது. நான் பரிந்துரைக்கும் காலம் ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை. அப்போது பழைய பனி மிகக் குறைவாக இருக்கும். இரவு திரும்பத் தொடங்கியிருந்தாலும் வேலைக்குப் போதிய வெளிச்சம் கிடைக்கும். 12 நாள் அளவை வேலைக்கு 20 நாள் ஒதுக்குங்கள். மணற்புயலிலும் மழையிலும் எட்டு நாள் போவது இயல்பு.

6. செலவு

என் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் வாடகை வண்டிக்கே போயிற்று. எனவே அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எஃப் சாலைகளில் ஓட்ட அனுமதி உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும், தரையிலிருந்து உயரமான நான்கு சக்கர இயக்க வண்டிதான் வேண்டும். அதோடு முடிந்துவிடுவதில்லை. ஆற்றைக் கடக்கும்போது நேரும் சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்பதில்லை; மணலும் சாம்பலும் வண்ணத்தையும் கண்ணாடியையும் அரித்துவிடும் சேதத்துக்குத் தனிக் காப்பீடு விற்கிறார்கள். இரண்டாவதை நான் வாங்கவில்லை. ஒரே பிற்பகலில் வீசிய புயல் வண்டியின் ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டது. அந்தத் தொகையில் இன்னொரு வாரம் வண்டியை ஓட்டியிருக்கலாம்.

செலவைக் குறைக்கச் சிறந்த வழி, அளவைக் கருவியோடும் ஓட்டுநர் உரிமத்தோடும் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்வது. அஸ்க்யா அருகே ட்ரெகி என்னுமிடத்தில் அகுரெய்ரி பயணச் சங்கத்தின் குடில்களும் கூடாரத் திடலும் உள்ளன. குடிலில் படுக்கையைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்யுங்கள். நடுமேட்டு நிலத்துக்குள் எரிபொருளும் கடையும் கிடையாது. மீவாட்ன் ஏரிக்கரையில் உள்ள ரெய்க்யாஹ்லீதில் தொட்டியை நிரப்புங்கள். முதல் கியரில் மணலில் ஊர்ந்து செல்லும்போது எரிபொருள் செலவு பெருஞ்சாலைக் கணக்கைவிட மிக அதிகமாகும். உணவையும் நகரத்திலேயே வாங்கிவிடுங்கள்.

7. களத்தில் அளக்கும் முறை

புறப்படும் முன் உங்கள் பயணத் திட்டத்தை ஐஸ்லாந்தின் பயணப் பாதுகாப்புத் தளமான சேஃப்டிராவலில் பதிவு செய்யுங்கள். ட்ரெகியில் உள்ள பூங்கா காவலரிடமும் சொல்லுங்கள். அஸ்க்யாவின் தரை 2021 ஆகஸ்டிலிருந்து மேலெழத் தொடங்கியது என்பதால், தினமும் காலையில் ஐஸ்லாந்து வானிலை நிறுவனத்தின் எரிமலை எச்சரிக்கையைப் பாருங்கள். அவசர எண் 112.

நிலையான அளவை நிலையங்களிலிருந்து கைப்பேசி வழியே உடனடித் திருத்தம் பெறும் முறை இங்கே கைகொடுக்காது, ஏனெனில் அலைவரிசை விட்டு விட்டே கிடைக்கும். ஒவ்வொரு முக்கியப் புள்ளியிலும் கருவியை முக்காலியில் அசையாமல் ஒரு மணி நேரம் நிறுத்தி, மூலத்தரவைப் பதிவு செய்து, ஊருக்குத் திரும்பிய பின் கணக்கிடுவதே வழி. கனடாவின் இயற்கை வளத் துறை இதற்கான கணக்கீட்டை இணையத்தில் இலவசமாகச் செய்து தருகிறது. இறுதித் துல்லியம் கிடைக்க இரண்டு வாரம் காத்திருந்து அனுப்புங்கள். அது தரும் ஆயத்தொலைவு அளந்த நாளுக்கு உரியது. ஐஎஸ்என்2016 என்பது 2016ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்கு உரியது. இரண்டுக்கும் இடையில் நிலம் நகர்ந்திருக்கிறது. 1:50,000 தாளில் அந்த நகர்வு தெரியாது. ஆனால் பின்னால் யாரேனும் உங்கள் புள்ளிகளைப் பயன்படுத்தக்கூடும் என்பதால், பட்டியலில் இரண்டையும் எழுதுங்கள்.

செயற்கைக்கோள் அலைகளைப் பெறும் அலைவாங்கி தரையிலிருந்து இருக்கும் உயரத்தை, முக்காலியை நிறுத்தியவுடனும் எடுப்பதற்கு முன்பும் அளந்து, இரண்டு முறையும் நோட்டில் எழுதி, ஒளிப்படமும் எடுங்கள். செங்குத்தாக அளந்தீர்களா, சாய்வாக அளந்தீர்களா என்பதையும் குறியுங்கள். குறைந்தது 20 சோதனைப் புள்ளிகள் வேண்டும். சமதளமான வெற்றுப் பாறையிலோ இறுகிய மணலிலோ அவை இருக்கட்டும். புதிய குழம்புப் பாறையின் மேல் வைக்காதீர்கள், ஓரடி தள்ளினால் உயரம் இரண்டு மீட்டர் மாறும் பரப்பு அது. அங்கே நடப்பதும் கடினம். ஒரு கிலோமீட்டரைக் கடக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. தடித்த கையுறை இல்லாமல் ஏறாதீர்கள். விழுந்து ஊன்றினால் உள்ளங்கை கிழியும்.

சாலையை விட்டு வண்டியை இறக்குவது ஐஸ்லாந்து முழுவதும் சட்டவிரோதம், அபராதம் கடுமையானது. வெறும் மணல்தானே என்று தோன்றும் இடத்திலும் தடம் பல ஆண்டு நிற்கும். சாலையிலிருந்து தொலைவில் உள்ள புள்ளிக்கு நடந்தே செல்லுங்கள்; கல் குவித்து அடையாளம் வைப்பதும் சாயம் பூசுவதும் கூடாது. திசைகாட்டியை மட்டும் நம்பி நடக்காதீர்கள். பசால்ட் பாறையின் காந்தத்தன்மை முள்ளை இழுக்கும். காந்த வடக்கும் உண்மை வடக்கும் வேறாக இருப்பதோடு, உங்கள் வரைபடத்தின் கட்டக்கோடும் இப்பகுதியில் உண்மை வடக்கிலிருந்து சுமார் 2 டிகிரி விலகியிருக்கும்.

8. பனி விளிம்பும் ஆறுகளும்

பனிநீர் ஆறுகள் நாளுக்குள்ளேயே மாறுகின்றன. வெயில் ஏறினால் பனி உருகி, பிற்பகலிலும் மாலையிலும் நீர் பெருகும், விடியற்காலையில் குறைந்திருக்கும். எஃப்910 சாலை ஹோலுஹ்ரோய்னுக்கு மேற்கே கடக்கும் ஃப்லைதுர் மணற்சமவெளி வெப்பமான பிற்பகல்களில் முழுவதும் நீரால் மூடப்படும். காலையில் உலர்ந்திருந்த வழி மாலையில் இருக்காது என்பதைக் கணக்கில் கொண்டு, திரும்பும் நேரத்தை முதலில் தீர்மானித்த பிறகு புறப்படுங்கள்.

வரைபடத்தில் இதை எப்படிக் காட்டுவது என்பது நியாயமான கேள்வி. பின்னல்போல் பிரிந்து ஓடும் ஆற்றின் ஒவ்வொரு கிளையையும் வரைந்தால் அடுத்த வாரமே அது பொய்யாகிவிடும். கிளைகள் அலையும் வெளி முழுவதையும் புள்ளியிட்ட பரப்பாகவும், முதன்மைக் கிளையை மட்டும் கோடாகவும் வரைந்தேன். படத்தின் தேதியையும் அருகே சிறிய எழுத்தில் குறித்தேன். பனியாற்றின் மேல் கோடுகளை நீலத்திலும் நிலத்தின் மேல் பழுப்பிலும் வரையுங்கள். பனிப்பரப்பின் தனி உயரங்களை அச்சிடும்போது ஆண்டையும் சேர்த்து அச்சிடுங்கள். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான ஹ்வன்னதால்ஸ்ஹ்னூகுர் நெடுங்காலம் 2119 மீட்டர் என்றே அச்சிடப்பட்டு வந்தது. 2005இல் மீண்டும் அளந்தபோது 2109.6 மீட்டர் என்று தெரிந்தது.

தனியாகப் பனியாற்றின் மேல் ஏறாதீர்கள். விளிம்பை அளக்க அதன்மேல் நிற்க வேண்டிய தேவையே இல்லை. எதிரிலுள்ள மொரெய்ன் மேட்டில், அதாவது பனியாறு தள்ளிக் குவித்த கல்மண் மேட்டில், நின்று அளந்து, மீதியைச் செயற்கைக்கோள் படத்தில் வரையலாம்.

9. ஊர் திரும்பிய பின்

முதலில் சோதனைப் புள்ளிகளையும் உயர மாதிரியையும் ஒப்பிடுங்கள். எல்லாப் புள்ளிகளிலும் வேறுபாடு ஒரே அளவாக இருந்தால் அது அடிப்படைப் பரப்பின் பிழை, கழித்து நீக்கலாம். ஒரு திசையில் போகப்போகக் கூடினால் அந்த நீள்பட்டை சாய்ந்திருக்கிறது. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் வேறுபாடு பெரிதென்றால், அலைவாங்கி உயரத்தை எழுதிய நோட்டைத் திறந்து பாருங்கள்.

கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் இலவசம். இந்த வேலை முழுவதற்கும் அது போதும். கோடுகளை வரையுமுன் உயர மாதிரியைச் சற்றே மென்மையாக்குங்கள், இல்லாவிட்டால் குழம்புப் பாறையின் மேல் கோடுகள் புழுக்கள்போல் நெளியும். ஆனால் பள்ளத்தாக்குகளின் விளிம்புகளில் மென்மையாக்காதீர்கள். அங்கே நடப்பவருக்கு அந்தக் கூர்மைதான் எச்சரிக்கை.

10. பெயர்களும் ஓரக்குறிப்பும்

இடப்பெயர்களை ஐஎஸ் 50வி தொகுப்பிலிருந்து அப்படியே எடுங்கள், நினைவிலிருந்து தட்டச்சு செய்யாதீர்கள். ஐஸ்லாந்திய மொழிக்கே உரிய எழுத்துகள் உங்கள் எழுத்துருவில் உள்ளனவா என்று முதலிலேயே பாருங்கள். மீட்புக் குழு பெயரைக் கேட்டு இடத்தைத் தேடும்போது ஓர் எழுத்துப் பிழையும் நேரத்தைத் தின்னும்.

ஓரத்தில் இவை இருக்க வேண்டும்: ஆயத்தொலைவு முறை, உயர அடிப்படை, ஒவ்வொரு தரவு மூலத்தின் பெயரும் தேதியும், கள அளவையின் தேதிகள், பனி விளிம்பு எந்த நாளின் படத்திலிருந்து வரையப்பட்டது என்பது. தரவுகள் இலவசமானாலும் மூலத்தைக் குறிப்பிடுவது உரிம நிபந்தனை. இவற்றை எழுதி முடித்த பிறகு ஒரே ஒரு படியை மட்டும் அச்சிட்டு, மடித்து, ஈரக்கையோடு திறந்து, மங்கிய வெளிச்சத்தில் படித்துப் பாருங்கள். என் முதல் படியில் நீலக் கோடுகளின் உயர எண்கள் மாலை வெளிச்சத்தில் தெரியவே இல்லை. எழுத்தின் அளவை ஒரு புள்ளி கூட்டிய பிறகே மற்ற படிகளை அச்சுக்குக் கொடுத்தேன்.